வட்டத்தில் போட்ட கையெழுத்து

“நீங்கள் தொழிலாளி இல்லையேம்மா” என்று அந்தச் சமரச அலுவலர் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். 2017 ஜூன் மாதம், தொழிலாளர் துறை அலுவலகத்தின் மாடியில், வேலை பறிபோன தோழிக்குத் துணையாக உட்கார்ந்திருந்த எனக்கு, அந்தச் சொல் சால்வை போர்த்தியதுபோல் இருந்தது. படியிறங்கித் தெருவுக்கு வந்து, பஸ் நிறுத்தத்தில் நின்று பையில் சில்லறை தேடும்போதுதான் அவர் சொன்னதன் பொருள் உறைத்தது. மரியாதையாக வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். அன்று எனக்கு ஏன் பெருமையாக இருந்தது என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

நான் அப்போது ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆறு, ஏழாம் வகுப்புகளுக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். தனியார் பள்ளியில் வேலை பார்த்த எவருக்கும் அது அவருடைய பள்ளிபோலத்தான் தோன்றும். சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி அலுவலக பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பதிவேட்டில் 15,000 ரூபாய்க்குக் கையெழுத்து, கையில் 9,500. வகுப்பறைகளில் ஆசிரியருக்கு நாற்காலி கிடையாது; உட்கார்ந்தால் பாடம் நடக்காது என்பது நிர்வாகத்தின் கொள்கை. மே மாதம் பள்ளி இல்லை, ஆகவே சம்பளமும் இல்லை. ஆனால் அதே மே மாதம் வெயிலில் தெருத்தெருவாகப் போய் அட்மிஷன் நோட்டீஸ் கொடுக்க நாங்கள் வேண்டும். ஆளுக்கு ஐந்து பிள்ளைகளைச் சேர்த்துவிட வேண்டும் என்று கணக்கு வேறு.

அந்த மே மாதச் சம்பளத்தைக் கேட்டு ஒரு கடிதம் எழுதினோம். யோசனை கணக்கு டீச்சருடையது. எழுதிக் கொடுத்தது நான். பதினொரு பேர் கையெழுத்திடச் சம்மதித்தார்கள். ஆனால் முதல் கையெழுத்தை யார் போடுவது என்பதில் மதிய இடைவேளை முழுவதும் ஓடிவிட்டது. தாள் கைமாறிக்கொண்டே இருந்தது, பேனா யாரிடமும் நிற்கவில்லை. கடைசியில் கணக்கு டீச்சர் ஒரு மாணவியின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை வாங்கி, கடிதத்தின் அடியில் பெரிதாக ஒரு வட்டம் போட்டார். “சுற்றிப் போடுங்கள். வட்டத்துக்கு முதல் புள்ளி ஏது?” என்றார். பதினொரு பெயர்கள் சூரியக் கதிர்போல் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றன. நடுவில் காம்பஸ் முள் குத்திய சிறு ஓட்டை. அந்தக் கடிதத்தைப்போல் அழகான ஒன்றை அந்தப் பள்ளியில் நான் பார்த்ததில்லை.

தாளாளர் கோபப்படவில்லை. வாங்கிப் படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த மூன்று நாட்களில் எங்களை ஒவ்வொருவராக அறைக்கு அழைத்தார். ஜூன் முதல் வாரம், கணக்கு டீச்சர் இனி வர வேண்டாம் என்று அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். காம்பஸ் யார் கையில் இருக்கும் என்று கண்டுபிடிக்கப் பெரிய துப்பறிவு தேவையில்லைதான். சான்றிதழ்களைக் கேட்டதற்கு, “ஒரு மாதம் கழித்து வாருங்கள்” என்றார்கள்.

தொழிலாளர் துறைக்குப் போகச் சொன்னவர் எங்கள் பள்ளி பஸ் ஓட்டுநர் அண்ணன். முந்தைய ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிர்வாகத்தின் வீட்டுக் கல்யாணத்துக்குப் பள்ளி பஸ்ஸை ஓட்ட மறுத்ததற்காக அவரை நிறுத்திவிட்டார்கள். அவர் ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதிக்கொண்டு போய் அந்த மாடியில் கொடுத்தார். பள்ளி மேலாளர் இரண்டு முறை வாய்தா வாங்கினார், மூன்றாவது முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மறுவாரமே அண்ணன் பஸ்ஸில் இருந்தார். அந்த ஒப்பந்த நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஓட்டுநர் இருக்கைக்கு மேலே சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். “பன்னிரண்டு மூன்று டீச்சர், சும்மா இல்லை” என்பார். அப்போதிருந்த தொழில் தகராறுகள் சட்டத்தின் 12(3) பிரிவு, சமரசப் பேச்சில் ஏற்படும் ஒப்பந்தம் பற்றியது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவர் அவர், பி.லிட்., பி.எட். முடித்த எனக்கு அப்படி ஒரு எண் இருப்பதே அதுவரை தெரியாது.

அன்று அந்த அலுவலர் நன்றாகத்தான் பேசினார். மனுவை வாங்கி, பெயர், தந்தை பெயர், சேர்ந்த தேதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். “பதவி?” என்றார். “கணக்கு ஆசிரியர்.” பேனா நின்றது. மூடியைத் திருகி மூடினார். “ஓட்டுநர், ஆயா, வாட்ச்மேன், கிளார்க் என்றால் உடனே எடுத்துக்கொள்வேன். டீச்சர் என்றால் எனக்கு அதிகாரம் இல்லையம்மா. நீங்கள் தொழிலாளி இல்லையே” என்றார். மெட்ரிக் பள்ளி ஆய்வாளரைப் பார்க்கச் சொன்னார். பிறகு எழுந்து நின்று, “என் மகளுக்கு அவள் டீச்சர்தான் தெய்வம்” என்று சொல்லிக் கைகூப்பினார். அந்தக் கைகூப்பலில் பொய் இருந்ததாக நான் இன்றும் நினைக்கவில்லை.

ஓட்டுநர் உள்ளே, ஆசிரியர் வெளியே

அதற்குப் பிறகு சட்டம் தெரிந்தவர்கள் யார் கிடைத்தாலும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்; தீர்ப்புகளையும் தடுக்கி விழுந்து படித்திருக்கிறேன். அதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது 1963-ல் வந்த தீர்ப்பு: டெல்லி பல்கலைக்கழகம் எதிர் ராம்நாத். ராம்நாத் யார் தெரியுமா? பல்கலைக்கழக பஸ் ஓட்டுநர். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு, எங்கள் அண்ணனைப்போலவே நியாயம் கேட்டுப் போனவர். உச்ச நீதிமன்றம் அவருக்கு இல்லை என்றது. தொழில் தகராறுகள் சட்டம் சொல்லும் பொருளில் கல்வி ஒரு தொழில் ஆகாது. அங்கே முதன்மையான வேலை செய்பவர்கள் ஆசிரியர்கள், அவர்கள் தொழிலாளர்கள் அல்லர். ஓரத்தில் நின்று பஸ் ஓட்டும் சிலருக்காகக் கல்விக்கூடத்தைத் தொழிற்கூடம் என்று சொல்ல முடியாது என்பது சாரம். ஆசிரியரின் உயர்வைக் காட்டி ஓட்டுநரை வெளியே நிறுத்தினார்கள்.

1978-ல் நிலைமை மாறியது. பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், நீதிபதி வி.ஆர். கிருஷ்ண அய்யர் முதன்மைத் தீர்ப்பை எழுதிய ஏழு நீதிபதிகள் அமர்வு, தொழில் என்ற சொல்லை அகலமாகத் திறந்துவிட்டது. கல்வி நிறுவனங்களும் தொழில்தான் என்றாயிற்று. ஓட்டுநர்கள் உள்ளே வந்தார்கள், எழுத்தர்கள் வந்தார்கள், தோட்டக்காரர்கள் வந்தார்கள். பத்து ஆண்டு கழித்து, 1988-ல், கோவாவில் ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சுந்தரம்பாள் என்ற ஆசிரியையின் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. பள்ளி ஒரு தொழில் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் கற்பித்தல் உடலுழைப்பும் அல்ல, மேற்பார்வையும் அல்ல, தொழில்நுட்பமும் அல்ல, எழுத்தர் வேலையும் அல்ல. அது ஓர் உன்னதப் பணி, பிள்ளைகளின் குணத்தைச் செதுக்குகிற காரியம், ஆகவே ஆசிரியர் தொழிலாளி ஆகமாட்டார் என்று சொல்லிவிட்டது. ஆக, பள்ளி தொழில். பள்ளியில் பஸ் ஓட்டுபவர் தொழிலாளி. எதற்காகப் பள்ளி நடக்கிறதோ அந்த வேலையைச் செய்பவர் மட்டும் வேறு ஏதோ.

நியாயத்துக்குச் சொல்ல வேண்டும், அதே தீர்ப்பில் நிர்வாகங்கள் ஆசிரியர்களைச் சுரண்டும் விதங்கள் தங்களுக்குத் தெரியும் என்றும், அவர்களுக்கு உரியது கிடைக்கத் தகுந்த ஏற்பாடு வேண்டும் என்றும் நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். தெரிந்தே சொன்னார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. 1996-ல் ஹரியானா அரசு ஆசிரியர்களைக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்துக்குள் கொண்டுவந்ததை எதிர்த்துப் போன வழக்கிலும் இதே சுந்தரம்பாள் தீர்ப்புதான் குறுக்கே நின்றது. வகுப்பறையைப் பெருக்குகிறவருக்கு இதற்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று ஒரு தொகையை அரசு குறிக்கலாம், அதே வகுப்பறையில் பாடம் நடத்துகிறவருக்குக் குறிக்க முடியாது என்றாயிற்று.

உடனே ஒரு பதில் வரும்: ஆசிரியர்களுக்கென்று கல்வித்துறை இருக்கிறதே, தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறதே என்று. இருக்கின்றன. நீக்கப்பட்ட ஓர் ஆசிரியர் முறையிடலாம், மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அது தனியாக ஒருத்தி தன் காயத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டும் வழி. பதினொரு பேர் சேர்ந்து போய் எதிரே உட்கார்ந்து, இன்ன சம்பளம், இன்ன விடுமுறை, இத்தனை பாடவேளை என்று பேசி, பேசியதை எழுதிக் கையெழுத்து வாங்கும் வழி வேறு. அதற்குப் பெயர்தான் கூட்டுப் பேரம். சங்கம் வைக்க யாரும் எங்களைத் தடுக்கவில்லை; அரசியலமைப்பே அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. ஆனால் நாங்கள் வைத்த சங்கத்தோடு நிர்வாகம் பேசியே தீர வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

பேரம் என்ற சொல்

பேரம் என்ற சொல்லிலேயே எங்களுக்கு ஒரு கூச்சம் உண்டு. அது சந்தையின் சொல், கத்தரிக்காய்க்கும் சேலைக்கும் பேசுவது. மாதா, பிதாவுக்கு அடுத்து தெய்வத்துக்கு முன்னால் நிற்க வைக்கப்பட்டவர்கள் பேரம் பேசலாமா? எங்கள் பள்ளிச் சுவரில் நீல எழுத்தில் ‘ஆசிரியர் பணியே அறப்பணி, அதற்கே உன்னை அர்ப்பணி’ என்று எழுதியிருக்கும். அதற்கு நேர் கீழே வருகைப் பதிவேட்டு மேசை. மூன்று நாள் தாமதமாக வந்தால் ஒரு நாள் சம்பளம் வெட்டு. அறப்பணிக்கு அரைநாள் கணக்கு வைத்திருந்த சுவர் அது.

அரசாங்கமும் இதே மொழியில்தான் பேசுகிறது. அரசுக் கல்லூரிகளில் நிரந்தரமில்லாமல் பாடம் எடுப்பவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: கௌரவ விரிவுரையாளர். எது குறைகிறதோ அதைப் பெயரில் சேர்த்துவிடும் வித்தை. 2012-ல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் எடுக்கப்பட்டபோது மாதம் 5,000 ரூபாய் கொடுத்தார்கள். சம்பளம் என்ற சொல் அங்கே வராது, தொகுப்பூதியம்.

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சங்கங்கள் உண்டு, பலமும் உண்டு, ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ என்றால் கோட்டையில் காது கொடுத்துக் கேட்பார்கள் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் எனக்கு 2003 நினைவிருக்கிறது. என் சித்தப்பா அரசு உயர்நிலைப்பள்ளி ஆசிரியர். அந்த ஜூலையில் ஓய்வூதியச் சலுகைகள் பறிக்கப்பட்டதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களுமாக 1,70,000-க்கும் மேற்பட்டவர்களை அரசு ஒரே வீச்சில் நீக்கியது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டு, இனிச் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதினார். எழுத்துப்பிழை இல்லை, அடித்தல் திருத்தல் இல்லை. ஆனாலும் கிழித்துக் கிழித்துப் போட்டார். ‘மன்னிப்பு’ என்ற சொல்லுக்கு வரும்போதெல்லாம் கையெழுத்து கோணிக்கொண்டது என்று சித்தி இன்றும் சொல்வார்.

பிள்ளைகள் படிப்பு என்னாகும் என்ற கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. எனக்கும் இரண்டு பிள்ளைகள். ஆனால் கூட்டுப் பேரம் என்றதும் நாம் நேராகப் பூட்டிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகிறோம். பேசும் மேசை ஒன்று இருந்தால், பூட்டு கடைசியில் வரும். மேசையே இல்லாத இடத்தில் அது முதலில் வரும். தனியார் பள்ளிகளில் அதுவும் வராது. அங்கே நடப்பது வேறு. எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்கு ஒரே ஆண்டில் மூன்று அறிவியல் ஆசிரியர்கள் மாறினார்கள். ஐநூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் அடுத்த பள்ளிக்கு, சான்றிதழ் கையில் கிடைத்த மறுநாளே ஓடினார்கள். அதுவும் வேலைநிறுத்தம்தான், அறிவிப்பு இல்லாத வேலைநிறுத்தம். இதற்கு எந்தப் பெற்றோரும் ஆட்சியரிடம் மனு கொடுத்ததில்லை.

புதுச் சட்டம் வந்ததாமே டீச்சர்

கடந்த நவம்பரில் ஓட்டுநர் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். இப்போது வேறு பள்ளியில் ஓட்டுகிறார். “புதுச் சட்டம் வந்ததாமே டீச்சர், உங்களையும் சேர்த்துவிட்டார்களா?” என்றார். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்ததைத்தான் கேட்கிறார். பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து படித்தேன்.

2020-ம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்பில், பேச்சுவார்த்தைக்குரிய சங்கம் என்று முதல்முறையாகத் தேசிய அளவில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. தொழிலாளர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவுள்ள சங்கத்தோடு நிர்வாகம் பேச வேண்டும். அப்படி ஒரு சங்கம் இல்லாவிட்டால், 20 சதவீதத்துக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்து ஒரு குழுவாகப் பேசலாம். கூடவே கடிவாளங்களும் உண்டு. எந்தத் தொழிலானாலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப் பேர் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமாகக் கணக்காகும். தொழிற்சங்கங்கள் இதைக் கடுமையாக எதிர்க்கின்றன, அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாங்கள் அந்தச் சட்டத்தைத் திட்டும் வரிசையில்கூட நிற்க முடியாது. தொழிலாளி யார் என்ற வரையறையில் பழைய சொற்கள்தான் அப்படியே வருகின்றன: உடலுழைப்பு, திறன், தொழில்நுட்பம், செயல்பாடு, எழுத்தர், மேற்பார்வை. கற்பித்தல் இல்லை. போதாததற்கு, அறநோக்கு அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களைத் தொழில் என்ற வரையறையிலிருந்தே விலக்கியிருக்கிறார்கள். அறக்கட்டளை இல்லாமல் நம் ஊரில் எந்தப் பள்ளி நடக்கிறது? அண்ணனுக்கு 1978-ல் திறந்த கதவே இனி என்னாகும் என்று நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.

அதே வரையறையின் அடுத்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. உழைக்கும் பத்திரிகையாளர்களும் விற்பனை மேம்பாட்டு ஊழியர்களும் தொழிலாளர்களே என்று பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். நல்லது, சேர்க்க வேண்டியவர்கள்தான். பத்திரிகையாளர் செய்வதும் மூளையால் செய்யும் வேலை, மருந்து நிறுவனப் பிரதிநிதி செய்வதும் பேச்சால் செய்யும் வேலை. ஒற்றை வரியில் அவர்களைச் சேர்க்கத் தெரிந்த சட்டத்துக்கு இன்னொரு சொல்லைச் சேர்க்கத் தெரியாதா? தெரியும். பணிக்கொடை விஷயத்தில் செய்தும் காட்டியிருக்கிறார்கள். 2004-ல் ஆசிரியர்களுக்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, அதே பழைய காரணம். 2009-ல் நாடாளுமன்றம் ஊழியர் என்ற வரையறையைத் திருத்தி, எந்த வகை வேலையானாலும் சரி என்று ஆக்கி, 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டுக் கொடுத்தது. பள்ளி நிர்வாகங்கள் வழக்குப் போட்டன, 2022-ல் தோற்றன. பணிக்கொடை வாங்கியதால் எந்த ஆசிரியரின் உன்னதமும் குறைந்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்று. 2021-ல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினார்கள். ஜவுளிக்கடைப் பெண்கள் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்த கொடுமைக்கு வந்த விடிவு. அந்தச் செய்தியை நாளிதழில் படித்தபோது நான் கால்களை ஒரு முக்காலியில் தூக்கி வைத்திருந்தேன். கெண்டைக்காலில் நரம்பு புடைத்துப் பச்சைக் கயிறுபோல் சுருண்டிருந்தது. கணக்கு டீச்சருக்குச் செய்தியை அனுப்பினேன். அவருடைய சான்றிதழ்கள், அவர் மாமனார் ஊர்ப் பெரியவர் ஒருவரோடு போய்க் கெஞ்சிய பிறகு நான்காவது மாதம் கிடைத்திருந்தன. அதன் பிறகு அவர் பள்ளிப் பக்கமே போகவில்லை. வீட்டில் டியூஷன் எடுக்கிறார். “என் வீட்டில் மூன்று நாற்காலி இருக்கிறது” என்று பதில் அனுப்பினார்.

அவரிடம் இதுவரை சொல்லாத ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். அந்த மூன்று நாட்களில் இரண்டாம் நாள், ஆறாவது ஆளாக என்னைத் தாளாளர் அழைத்தார். உள்ளே போனதும், “உட்காருங்கள் டீச்சர்” என்றார். அந்தக் கட்டடத்துக்குள் எனக்கு முதல்முறையாக ஒரு நாற்காலி. காபி வந்தது. மேசைமேல் எங்கள் கடிதம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. “மில் தொழிலாளி மாதிரி இப்படி வட்டம் போட்டுக் கையெழுத்துப் போடலாமா? நீங்கள் எப்பேர்ப்பட்ட பணியில் இருப்பவர்” என்றார். மிரட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. எனக்கு முகம் சூடாகிவிட்டது. தொழிலாளியோடு சேர்த்துச் சொல்லிவிட்டாரே என்ற அவமானம் அது, வேறொன்றும் இல்லை. வட்டத்தில் ஏற்கெனவே நான்கு பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன. அவர் பேனாவை நீட்டினார். நான் அதை வாங்கவில்லை. தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்த பாதியில் எழுந்து வந்ததால், என் கையிலேயே சிவப்புப் பேனா இருந்தது.